நடுக்கடலில் குங்கிலியம்

அத்தியாயம் 6

ஐந்து மணிக்கு விசாரணை. இப்போதே பதினொன்று அடித்துவிட்டது. மகாராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கடை மாடியில் இருந்த அந்த அறையில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஏழு அடி வைக்கத்தான் இடம். அந்த ஏழு அடியைக் காலையிலிருந்து எத்தனை தடவை அளந்தான் என்று அவனுக்கே தெரியாது. 2013 ஜூன் மாத வெயில், அதோடு மின்வெட்டு. தலைக்கு மேலே மின்விசிறி அசையாமல் கிடந்தது.

"அக்கா, நான் நடக்கது உங்களுக்கு இடைஞ்சலா இருக்கா?"

"நட, நட. கரண்ட் இல்லாதப்போ உன்னால வர்றதுதான் இங்க காத்து," என்றாள் செங்கமலம், கையிலிருந்த காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

செங்கமலம் பிள்ளைப்பாக்கத்துக்காரி. நாற்பத்தாறு வயது. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து, மயிரிழை விரிசல்களைக் கண்டுபிடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டவள். விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பியதும், இனி மனிதர்களிடம் விரிசல் பார்க்கலாம் என்று துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். மகாராஜா கோவில்பட்டிக்காரன். அதே கம்பெனியில் லைனில் நின்றவன், வாய்க்கொழுப்புக்காக இரண்டு மெமோ வாங்கியவன். வேன் ஓட்டுவதும் ஆள் தேடுவதும் இப்போது அவன் வேலை. பேசுவதற்கு மட்டும் யாரும் அவனை நியமிக்கவில்லை. அதை அவனே எடுத்துக்கொண்டான்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த ஷெர்லினுக்கு இருபத்தேழு வயது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான்கு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு குழு கூடி, அந்த நான்கு வருடத்தையும் ரத்து செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறது. அவள் மேல் இருந்த குற்றச்சாட்டு ஒன்றே ஒன்று: மோசடி.

"மொதல்லேர்ந்து சொல்லும்மா. இவனுக்குப் புரியற மாதிரி சொல்லு. இவனுக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்," என்றாள் செங்கமலம்.

"ஜனவரியில ஆராய்ச்சிக் கப்பல்ல போனோம் மேடம். வங்காள விரிகுடாவுல இருபத்திரண்டு நாள். மேல்தளத்துல ஒரு மெஷின் வச்சிருந்தோம். நாள் முழுக்கக் காத்தை இழுக்கும். காத்துல மிதக்கற தூசெல்லாம் உள்ள இருக்கற வெள்ளைத் தாள்ல படியும். நாளைக்கு ஒரு தாள். மாத்தி, அலுமினியத் தாள்ல சுத்தி, ஃப்ரீசர்ல வச்சிடுவோம்."

"கடலுக்குப் போறவன் மீனைத்தான் ஐஸ்ல வச்சுக் கொண்டுவருவான். நீங்க காத்தைக் கொண்டுவந்திருக்கீய," என்றான் மகாராஜா.

அவள் சிரிக்கவில்லை. "அந்தத் தூசியைப் பிரிச்சுப் பார்த்தா அது எங்கேர்ந்து கெளம்புச்சுன்னு தெரியும் சார். விறகு எரிஞ்சா ஒரு வகை சர்க்கரை புகையோட போகும். இலைமேல இருக்கற மெழுகு காத்துல போகும். டீசல் புகைக்குத் தனி அடையாளம் இருக்கு. கடல்ல மிதக்கற நுண்ணுயிருக்கும் இருக்கு. ஊர்லேர்ந்து கெளம்பின புகை நடுக்கடல் வரைக்கும் எவ்வளவு போகுது, அதுதான் என் ஆராய்ச்சி."

"அதுல பத்தொன்பதாம் தாள் மட்டும் மாட்டிக்கினு கீது. அப்படித்தானே?" என்றாள் செங்கமலம்.

ஷெர்லின் தலையசைத்தாள். கரையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எடுத்த பத்தொன்பதாம் தாளில், பூஜையில் நெருப்பில் போடுகிற குங்கிலியத்தின் புகை இருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, தாள் நிறைய. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சங்கரநாராயணன் எழுதிய கடிதம்தான் செங்கமலத்தின் கையில் இருந்தது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் அந்த மெஷின் மோட்டார் பழுதுக்காகப் பத்து நாள் ஒரகடத்தில் ஒரு பட்டறையில் கிடந்ததாம். அங்கே பூஜை நடக்கும்போது மெஷினை ஓட்டித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதையே கடலில் எடுத்தது என்று இவள் கணக்குக் காட்டிவிட்டாளாம்.

"தாள்ல கடல் உப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு மேடம். உப்புத் தண்ணியைத் தெளிச்சிருப்பேன்னு சொல்றாங்க."

"எல்லாத் தாளையும் நீதான் மாத்தினியா?"

ஷெர்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகுதான் "ஆமா மேடம்" என்றாள். "நான் கெளம்பணும். பஸ் புடிச்சு அங்க போய்ச் சேரவே ரெண்டு மணி நேரம் ஆகும். உங்களால ஏதாவது..." முடிக்காமலே பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் படியிறங்கியதும் மகாராஜா வேன் சாவியை எடுத்தான். "பாவம்க்கா அந்தப் புள்ள."

"பாவம்தான். கடியாரத்தைப் பாத்தா, கவனிச்சியா? நான் மணி கேக்கலியே. வா, அந்தப் பட்டறைக்குப் போவலாம்."

ஒரகடம் சாலையில் வேன் ஊர்ந்தது. முன்னால் கார்களை ஏற்றிய நீளமான லாரி, பின்னால் கம்பெனி பஸ், பக்கத்தில் ஜல்லி லாரி. வேனில் ஏசி கிடையாது. ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. மகாராஜா ஒரு கையால் ஓட்டி மறு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். விரல் ஸ்டியரிங்கில் தாளம் போட்டது, கண் நிமிடத்துக்கொரு தரம் கடிகாரத்துக்குப் போனது.

"நீ எத்தினி தபா பாத்தாலும் அது அதும்பாட்டுக்குத்தான் ஓடும்," என்றாள் செங்கமலம்.

"அதும்பாட்டுக்கு ஓடுது. இந்த லாரி ஓடலியேக்கா!"

அண்ணாதுரையின் பட்டறை பெரிய சாலையை ஒட்டியே இருந்தது. கருகிய மோட்டார்களை வாங்கி, உள்ளே புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி ஓட வைத்துக் கொடுக்கிற இடம். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கின. ஜெனரேட்டர் சத்தத்துக்கு மேலே கத்தினால்தான் பேச முடிந்தது.

"பூஜையா? வெள்ளிக்கெழமை ஆனா தவறாதும்மா! குங்கிலியம் போட்டு எல்லா மெஷினுக்கும் காட்டுவோம். ஓடற மெஷினுக்குக் காட்டினாத்தான் விசேஷம். எங்கப்பா காலத்துப் பழக்கம்," என்றார் அண்ணாதுரை பெருமையாக.

"அந்தக் காத்து மெஷின் இங்க இருந்தப்போ வெள்ளிக்கெழமை வந்துச்சா?"

"ஒண்ணுக்கு ரெண்டு வெள்ளி வந்துச்சு. நல்லா காட்னோமே!"

பேராசிரியர் எழுதியது வரிக்கு வரி சரியாகப் போய்விட்டது. ஷெர்லினைக் காப்பாற்றக் கிளம்பி வந்து, அவள் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

"திரும்பிருவோமாக்கா? அந்தப் புள்ளகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க," என்றபடி மகாராஜா கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான்.

"மகாராஜா, அந்தக் கர்சீப்பை இங்க குடு."

"என்னத்துக்கு? வேர்வையால்லா இருக்கு."

"இது இன்னா கலரு?"

"வெள்ளை. காலையிலதான் சோப்புப் போட்டு அலசுனேன்."

செங்கமலம் அதை விரித்துப் பிடித்தாள். வெள்ளை என்று அம்மன் மேல் சத்தியம் செய்தாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒன்றரை மணி நேரச் சாலைப் புகை கறுப்பாக அப்பியிருந்தது.

அவள் உடனே ஷெர்லினுக்கு போன் போட்டாள். ஷெர்லின் பஸ்ஸில் இருந்தாள்.

"ஏம்மா, அந்தப் பத்தொன்பதாம் தாள்ல டீசல் புகை எவ்ளோ கீது?"

"பேருக்குத்தான் மேடம். நடுக்கடல்ல எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான்."

"குங்கிலியம் நெறைய, டீசல் இல்ல. சரி, வெய்யி." போனை இடுப்பில் செருகிக்கொண்டு மகாராஜாவைப் பார்த்தாள். "இப்ப சொல்லு. இந்த ரோட்டுமேல மெஷினை வச்சு ஒரு நாள் காத்தை இழுத்தா, அந்தத் தாள்ல டீசல் இல்லாம இருக்குமா?"

"ஒரு மணி நேரத்துலயே தோசைக்கல்லு மாதிரி ஆயிருமே!"

"உப்பைத் தெளிக்கலாம். குங்கிலியத்தைக் காட்டலாம். தாள்மேல எதை வேணா சேக்கலாம்டா. படிஞ்ச டீசலை எவனாலும் எடுக்க முடியாது. அந்தப் பூஜை நடந்தது லாரி போவாத எடத்துலதான்."

மகாராஜா கடிகாரத்தை மறந்து அவளைப் பார்த்தான். அவனுக்கு அது அபூர்வம். "அப்ப பூஜை கப்பல்லயேவா நடந்திருக்கு?"

"அண்ணாதுரை சார், அந்த மோட்டாரைச் சுத்துனது யாரு?" என்றாள் செங்கமலம்.

"முப்பிடாதின்னு ஒரு பையன், சுரண்டை பக்கம். தங்கமான கை. மோட்டார் தெரிஞ்ச ஆள் வேணும்னு கேட்டாங்கன்னு மெஷினோட அவனையும் கப்பல்ல அனுப்புனேன். திரும்பி வந்தவன் கம்பியைத் தொடவே மாட்டேன்னுட்டாம்மா. இப்ப எதிர்ல பார்ட்ஸ் கம்பெனில பேக்கிங்ல கெடக்கறான், கான்ட்ராக்ட்ல. அந்தக் கைக்கு அட்டைப்பெட்டி ஒட்டற வேலை! வயிறு எரியுது எனக்கு."

அவர் கொடுத்த எண்ணுக்கு மகாராஜா மூன்று தடவை போட்டான். மூன்று தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ரெண்டரைக்குத்தான் ஷிப்ட் முடியும் என்றார் அண்ணாதுரை. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மகாராஜா பட்டறை வாசலில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான். செங்கமலம் வேனில் உட்கார்ந்து, ஷெர்லின் விட்டுப்போன கப்பல் குறிப்பேட்டின் நகலைப் புரட்டினாள். ஐந்தாவது நிமிடம் மறுபடி போன் போட்டாள்.

"ஏம்மா, கப்பலுக்கும் புகைபோக்கி கீதே. அந்தப் புகை உன் தாள்ல படியாதா?"

"படியாது மேடம். மெஷின்ல காத்தாடி மாதிரி ஒரு சுவிட்ச் இருக்கு. காத்து புகைபோக்கிப் பக்கத்துலேர்ந்து அடிச்சா மெஷின் தானா நின்னுடும். காத்து திரும்பினா தானா ஓடும். நிக்கறப்பல்லாம் நேரத்தை நோட்டுல எழுதிடுவேன்."

"எழுதியிருக்கே. ஒரு நாளைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு. கையெழுத்துக் கோணலா, கப்பல் ஆடுன ஆட்டம் அப்படியே தெரியுது. பத்தொன்பதாம் நாள் மட்டும் இருபத்திநாலு மணி நேரம், ஒரு தடவைகூட நிக்கலைன்னு முத்து முத்தா எழுதியிருக்கே."

செங்கமலம் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

"பதினெட்டு வருஷம் நான் புடிச்சதே இதைத்தாம்மா. டீ குடிக்கப் போனவன் திரும்பி வந்து எழுதற ரீடிங்தான் எப்பவும் அழகா இருக்கும். அன்னிக்கு நீ மெஷினாண்டையே போவல. யாரு தாளை மாத்துனது?"

ஷெர்லின் அழுதேவிட்டாள். "எந்திரிக்கவே முடியல மேடம். கடல் அப்படி ஒரு ஆட்டம். ரெண்டு நாள் வாந்தி. முப்பிடாதி அண்ணாதான் மாத்தினார். சொன்னா, எல்லாத்துலயும் இப்படித்தான் கையெழுத்துப் போட்டியான்னு கேப்பாங்க. அதான்..."

மகாராஜாவுக்கு வாய்வரைக்கும் ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிக்கொண்டான். நாம் யாருக்காக ஓடுகிறோமோ அவளே நம்மிடம் பொய் சொன்னால் வருகிற கசப்பு அவனுக்கும் வந்தது. ஆனால் அவனே ராமேசுவரத்தில் படகில் ஏறி அரை மணியில் குடலைக் கக்கியவன். அதனால் கோபம் முழுசாக வரமாட்டேன் என்றது.

ரெண்டரைக்கு சங்கு ஊதியது. கம்பெனி வாசலிலிருந்து நீலச் சட்டைகள் மடை திறந்த மாதிரி வந்தன. எல்லாம் இருபது, இருபத்தைந்து வயது. எல்லார் கழுத்திலும் அட்டை, எல்லார் முகத்திலும் ஒரே களைப்பு.

"பேரைச் சொல்லிக் கூப்பிடட்டா?"

"மூணு தபா போன் எடுக்காதவன் பேரைச் சொன்னா பஸ்ஸுல ஏறிடுவான். பஸ்ஸுக்குப் போவாத பசங்க எங்க போவானுங்க?"

"தெக்கத்திப் பயலுவ கம்பெனி சாம்பாரைத் தொட மாட்டானுவக்கா. அந்தா இருக்கு பாருங்க செல்லக்கனி மெஸ். நானே அங்க மூணு வருசம் சாப்ட்டேன்."

மெஸ்ஸில் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். செங்கமலம் வாசலில் நின்று முகம் முகமாகப் பார்த்தாள். மகாராஜா உள்ளே போய் செல்லக்கனி அக்காவிடம் குசலம் விசாரிக்கிற சாக்கில் கண்ணை ஓட்டினான். ஒருவனும் சிக்கவில்லை. மணி ரெண்டே முக்கால் ஆகிவிட்டது. மகாராஜா உள்ளுக்கும் வெளிக்குமாக இரண்டு தடவை போய் வந்துவிட்டான்.

அப்போதுதான் கரண்ட் வந்தது. பின்கட்டில் தண்ணீர் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்து, ஈனக் குரலில் முனகியது. வரிசையில் முப்பத்தொன்பது பேரும் சோற்றுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் தலையைச் சாய்த்துப் பின்கட்டுப் பக்கம் காதைக் கொடுத்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு யாரும் பார்த்துவிடப் போகிறார்களே என்பதுபோல அவசரமாகத் திரும்பிக்கொண்டான்.

"அதோ உன் ஊர்க்காரன்," என்றாள் செங்கமலம்.

மகாராஜா போய் அவன் தோளில் கை போட்டான். "முப்பிடாதி, வாடே. ஷெர்லின் மேடத்துக்காக வந்திருக்கோம். கப்பல் விசயம். ரெண்டு வார்த்தை பேசணும்."

முப்பிடாதி மெலிந்த ஆள். வேப்பமரத்தடிக்கு வந்து நிற்பதற்குள் முகம் வெளிறிவிட்டது. செங்கமலம் தன் பெயரைச் சொல்லி, ஷெர்லினுக்கு இன்று ஐந்து மணிக்கு என்ன நடக்கப்போகிறது என்று சுருக்கமாகச் சொன்னாள்.

"பத்தொன்பதாம் நாள் நீதான் தாளை மாத்துனியாமே?"

"மாத்துனேன். அம்புட்டுதான். நான் ஒண்ணும் பத்த வைக்கல. கப்பல்ல தீப்பெட்டியே வச்சிருக்கக் கூடாதுல்லா."

"தீப்பெட்டியப் பத்தி நாங்க இன்னும் வாயவே தொறக்கலியே தம்பி," என்றான் மகாராஜா.

முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டான். பஸ்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தன.

"அடுத்த மாசம் என்னைக் கம்பெனி ரோல்ல எடுக்காவ அண்ணே, பெர்மனெண்டா. என் மேல கேசு ஒண்ணும் இல்லன்னு போலீஸ் விசாரிச்சுச் சொன்னாத்தான் ஆர்டர். கப்பல்ல தீ வச்சவன்னு ஒரு கேசு விழுந்துச்சுன்னா முடிஞ்சுது. ரூமுக்கு அஞ்சு பேரு தங்கிக் கெடக்கோம், எதுக்கு? இந்த ஆர்டருக்குத்தானே?"

ஒரு பக்கம் ஷெர்லினின் நான்கு வருடம், இன்னொரு பக்கம் இவன் ஆர்டர். வேனில் இருவருக்கும் இடம் இருந்தது, ஆனால் இருவரையும் கரை சேர்க்க வழி எதுவும் மகாராஜாவுக்குத் தெரியவில்லை.

செங்கமலம் குங்கிலியத்தைப் பற்றி மேலே கேட்கவேயில்லை. "கம்பி சுத்தறதை ஏன் வுட்டே?" என்றாள்.

"கை போச்சுக்கா."

"எப்படி?"

"அந்த மோட்டாரை நான் பத்து நாளு உக்காந்து சுத்துனேன். ஒரு சுத்து பிசகல. பட்டறையில ராவும் பகலும் ஓட்டிப் பாத்தாச்சு. கப்பல்ல ஏத்துனா, தானா நிக்கி! நல்லா ஓடிக்கிட்டு இருக்கும், நின்னுரும். கழத்திப் பாப்பேன். ஒரு கோளாறும் இருக்காது. மறுபடி தானா ஓடும். மறுநாளும் நிக்கும். நிக்கிற நேரமெல்லாம் அந்த மேடம் நோட்டை எடுத்து எழுதிருவாவ. என் வேலையோட குறையத்தானே எழுதுதாவன்னு எனக்கு உசுரே போவும். கேக்கவும் வெக்கம். கோளாறு என் கண்ணுக்கே தெரியலன்னா, கை போச்சுன்னுதானே அர்த்தம்? நாளைக்கு ஆசுபத்திரி லிப்டுக்கு நான் சுத்துன மோட்டாரு பாதியில நின்னா? அதான் தொடவே கூடாதுன்னு விட்டுட்டேன்."

"அன்னிக்கு?"

"அன்னைக்கு அவியளும் படுத்துட்டாவ. மோட்டாரு நின்னு மூணு மணி நேரமாச்சு. என்ன செய்யன்னே தெரியல. பையில கொஞ்சம் குங்கிலியம் கெடந்துச்சு, பட்டறையில குடுத்துவிட்டது. சோத்து டப்பா மூடியில சூடத்தைக் கொளுத்தி, குங்கிலியத்தைப் போட்டு, மெஷின் வாய்க்கு நேராக் காட்டுனேன். எங்க ஊரு முப்பிடாதி அம்மனை நெனச்சு, தாயே, என் மானத்தைக் காப்பாத்துன்னு கும்பிட்டேன். காட்டிக்கிட்டு இருக்கும்போதே ஓடிருச்சுக்கா!"

மகாராஜாவின் வாய் அதுவரை பொறுத்ததே பெரிது. "ஏல கூறுகெட்டவனே! அதுல காத்தாடி சுவிட்ச் இருக்குடா! கப்பல் புகை அடிக்கிற பக்கம் காத்து திரும்புனா மெஷினை அதுவே நிப்பாட்டிரும். காத்து மாறுனா அதுவே ஓட்டிரும். அதுக்குன்னே வச்சது. உன் மோட்டாருக்கு என்ன கேடு? அந்தப் புள்ள எழுதுனது நின்ன நேரத்தைடா, உன் குறையை இல்ல!"

முப்பிடாதி அசையாமல் நின்றான். ஒரு நீலச் சட்டைக் கூட்டம் அவனை இடித்துக்கொண்டு போனது. அவன் நகரவில்லை.

"எனக்கு யாரும் சொல்லலியே," என்றான் மெதுவாக.

"மெஷின்காரன், உனக்குத் தெரியாம இருக்குமான்னு அந்தப் பொண்ணு நெனச்சிருக்கும். படிச்ச பொண்ணு, அதுகிட்ட போய்க் கேக்கறதான்னு நீ நெனச்சிருக்கே. நடுவுல ஒரு சுவிட்ச் மாட்டிக்கினு முழிச்சிருக்கு," என்றாள் செங்கமலம். அவள் குரலில் எப்போதும் இருக்கும் முறுக்கு இப்போது இல்லை. "நான் உன்னை இழுத்துக்கினு போவ மாட்டேன். தீ வச்சது தப்புதான், கேஸ் வராதுன்னு உனக்கு நான் பொய்யும் சொல்ல மாட்டேன். நீ வராட்டி நான் கண்டதை நான் சொல்லிக்கறேன். நம்புனா நம்பட்டும், நம்பாட்டிப் போவட்டும்."

கடைசி பஸ் ஹாரன் அடித்தது. யாரோ படியில் தொங்கிக்கொண்டு, "ஏல முப்பிடாதி, வாரியா இல்லியா?" என்று கத்தினான்.

முப்பிடாதி பஸ்ஸைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். "நீ போ," என்று பஸ்ஸுக்குக் கை காட்டிவிட்டு வேன் கதவை இழுத்துத் திறந்தான்.

"கேசு போட்டா போட்டுக்கிடட்டும் அண்ணே. அங்க பத்துப் பேரு உக்காந்திருப்பாவல்லா? அத்தனை பேரு முன்னாலயும் அந்த மோட்டாரு நிக்கலைன்னு நான் சொல்லணும்."

மகாராஜா வண்டியைக் கிளப்பினான். மணி மூன்றுக்கு ஐந்து. வண்டலூர் வழியாகப் போனால் ஐந்துக்குள் பிடித்துவிடலாம், நடுவில் லாரிக்காரர்கள் மனசு வைத்தால். செங்கமலம் ஷெர்லினுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னாள்.

"இவன் உண்மையைச் சொல்ல வர்றாம்மா. இவனுக்கு வேலை போனாலும் போவும். நீ இன்னா சொல்லப் போறே?"

மகாராஜா பொறுக்கமாட்டாமல் ஹாரனை இரண்டு தடவை தேவையில்லாமல் அடித்தான்.

"நான் முதல்ல பேசிடறேன் மேடம்," என்றாள் ஷெர்லின். "அன்னிக்கு நான் படுத்திருந்தேன், பார்க்காம எழுதினேன்னு அவர் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். தாளை அவர்கிட்ட குடுத்தது நான். சுவிட்சைப் பத்திச் சொல்லாம விட்டதும் நான். பத்தொன்பதாம் தாளைத் தூக்கிடட்டும். ஒரு வருஷம் தள்ளிப் போட்டாலும் போடட்டும். நெருப்பு விஷயத்துல அவரை மட்டும் தனியா நிக்க விடமாட்டேன்."

முப்பிடாதி பின்சீட்டிலிருந்து கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டான். இந்தப் பேச்சு எதுவும் அவன் காதில் ஏறினதாகவே தெரியவில்லை.

"மேடம், அந்த நோட்டு உங்க கையில இருக்கா? மோட்டாரு மொத்தம் எத்தனை தடவ நின்னுச்சுன்னு எழுதிருக்கீய?"

பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. அவள் வாய்விட்டு எண்ணினாள். "முப்பத்தொண்ணு அண்ணா."

"பத்தொன்பதாம் நாளு அதுல இல்ல. அன்னைக்கு ரெண்டு தடவ நின்னுச்சு. காலையில ஏழு மணிக்கு ஒருக்கா. சாயங்காலம் நாலரைக்கு ஒருக்கா. எழுதிக்கோங்க."

"எழுதிட்டேன். முப்பத்திமூணு."

"முப்பத்திமூணும் காத்துதானா?"

"முப்பத்திமூணும் காத்துதான் அண்ணா. உங்க மோட்டார் ஒரு தடவைகூட நிக்கல."

முப்பிடாதி போனை செங்கமலத்திடம் கொடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு குனிந்து அவற்றையே பார்த்தான். பிறகு முகத்தை அதே கைகளில் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகாராஜா வேனை ஓட்டினான்.